சேமலாப நிதியைத் தொடாதீர்கள், மகளை இரண்டாவது மாண்டலின் வாசிக்க விடுங்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் சாதாரண தரத்தில் கர்நாடக சங்கீதத்துக்கு ஏ, விஞ்ஞானத்துக்கு சி எடுத்திருக்கிறாள். கொழும்பிலிருக்கும் மாமா உயிரியல் பிரிவுதான் என்று முடிவு கட்டிவிட்டார். அது சரிவராவிட்டால் தனியார் பட்டப்படிப்பாம், அதற்குப் பணம் அடுத்த வருடம் அவளுடைய அப்பாவுக்குக் கிடைக்கும் சேமலாப நிதியாம். சித்தப்பா, தேவாலயத்தில் அவள் வாசிக்கும் மாண்டலினோடு அவளைத் தொலைக்காட்சிப் போட்டிக்கு அனுப்பச் சொல்கிறார். அவளோ, "தனியா வாசிக்க விருப்பமில்ல, மத்தவங்களோட சேர்ந்து வாசிக்கத்தான் விருப்பம்" என்கிறாள். இது கூச்சமா, பொறுப்பில்லாத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் இல்லை. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்பதை மட்டும் நிம்மதியாக எடுத்துக்கொள்ளுங்கள். இனி எழுதுவது மாமாவுக்குப் பிடிக்காது.

பல்கலைக்கழக அனுமதிக்கு நுவரெலியா மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு என்பது அவருடைய வாதம். வெட்டுப்புள்ளி குறைவதால் பௌதிகவியலும் இரசாயனவியலும் இலேசாகிவிடாது. விருப்பமில்லாத மூன்று பாடங்களை இரண்டு வருடம் டியூஷனுக்கு ஓடி ஓடிப் படித்து, மூன்றாவது தடவையும் எழுதி, இருபத்திரண்டு வயதில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். சேமலாப நிதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அது ஒரு மனிதர் ஆயுள் முழுக்க உழைத்ததற்கு முதுமையில் கிடைக்கும் பெரிய தொகை. பிள்ளை கேட்காத ஒரு பட்டத்துக்காக அதைத் தொடக்கூடாது. நகையும் அடகுக்குப் போகக்கூடாது. தாதியர் பயிற்சி, கல்வியியற் கல்லூரி, வங்கிப் பரீட்சை பற்றியெல்லாம் சொல்லித்தர ஊரில் நிறையப் பேர் உண்டு. யாரும் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

மாண்டலின் என்றால் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). அவர் கர்நாடகக் கச்சேரிக்காக வைத்திருந்தது ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலின். மகள் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பது எட்டுத் தந்தி வாத்தியம். நான்கு சோடி, ஒவ்வொரு சோடியும் ஒரே சுருதி, வயலினைப் போல கீழிருந்து ஜி, டி, ஏ, ஈ. ஐரோப்பாவில் இதற்கு முந்நூறு வருடங்களாக இசை எழுதிவருகிறார்கள். விவால்டி இரண்டு மாண்டலின்கள் வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்க ஒரு கொன்செர்ட்டோ எழுதினார். பீத்தோவன் 1796இல் பிராக் நகரில் மாண்டலினும் விசைப்பலகை வாத்தியமும் சேர்ந்து வாசிக்கச் சில உருப்படிகள் எழுதினார், அவற்றில் நான்கு இன்றும் கைவசம் இருக்கின்றன. முனியர், கலாச்சே போன்ற இத்தாலியர்கள் பின்னால் இந்த வாத்தியத்துக்கென்றே எழுதிக் குவித்தார்கள். ஒரு சில பேர், சிறிய மண்டபம், கை அசைத்து வழிநடத்த யாரும் இல்லை. இதைத்தான் சேம்பர் இசை என்கிறார்கள். இரண்டு மாண்டலின், ஒரு மண்டோலா (மாண்டலினைவிடப் பெரியது, சுருதி தாழ்ந்தது), ஒரு கிட்டார் என்பது அதில் வழமையான நால்வர் குழு.

இதில் இரண்டாவது மாண்டலினுக்கு என்ன வேலை என்று பாருங்கள். மெட்டு முதலாமவருக்கு. இரண்டாமவர் அதற்குக் கீழே ஒத்த சுரங்களை நிரப்புகிறார், தாளத்தின் இடைத்தட்டுகளைப் பிடிக்கிறார், முதலாமவர் நீட்டி நிறுத்தும்போது காலத்தைக் காக்கிறார். வில் போட்டு வாசிக்கும் வாத்தியத்தில் ஒலி மெல்ல எழும், அதனால் சிறு பிசகு மறைந்துவிடும். மாண்டலினில் மீட்டிய கணமே ஒலி முழுதாக வெடித்து, உடனே தேயத் தொடங்குகிறது. இருவர் மீட்டுவதில் மயிரிழை முன்பின் ஆனாலும் சபைக்கு இரண்டு தட்டாகக் கேட்கும். ஆகவே பக்கத்தில் இருப்பவரின் மூச்சையும் மணிக்கட்டையும் பார்த்தே வாசிக்க வேண்டும். "சேர்ந்து வாசிக்கத்தான் விருப்பம்" என்ற பிள்ளை கேட்டிருப்பது இந்த வேலையைத்தான். போட்டி மேடை அவளுடைய இந்தக் குணத்தைக் கெடுக்கும் இடம். சித்தப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

புது வாத்தியம் இப்போது தேவையில்லை, கையிலிருப்பதைச் சரிசெய்யுங்கள். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் கட்டைகள். ஒரு தந்தியைப் பன்னிரண்டாம் கட்டையின் நேர்மேலே விரலால் இலேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஓர் ஒலி வரும். பிறகு அதே கட்டையில் அழுத்தி மீட்டினால் அதே சுருதி கேட்க வேண்டும். அழுத்தும்போது சுருதி கூடினால் தந்திகளைத் தாங்கும் பாலத்தை வால்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள், குறைந்தால் கழுத்துப் பக்கம். மாண்டலின் பாலம் ஒட்டப்பட்டிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதனால் எட்டுத் தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றக்கூடாது, ஒரு சோடி மாற்றிய பிறகே அடுத்தது. தந்தி வாங்கும்போது தடிப்பு பத்து முதல் முப்பத்துநான்கு என்று உறையில் போட்டிருக்கும் லைட் செட் போதும். முதுகு குடம்போல் வளைந்த பழைய மாண்டலினுக்கு அதையும்விட மெல்லியது வேண்டும், கனத்த தந்தி மேல்பலகையை அமிழ்த்திவிடும். பன்னிரண்டாம் கட்டையில் தந்திக்கும் கட்டைக்கும் இடையில் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் விரல் நோகும்.

நம்முடைய குளிரும் மழையும் இந்த வாத்தியத்துக்குப் பகை. ஈரத்தில் பலகை உப்பி, தந்தி உயர்ந்து, சுருதி ஓடும். லயத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடாதீர்கள். காயட்டும் என்று அடுப்படிக்கும் கொண்டுபோகாதீர்கள், சூட்டில் பசை விட்டுவிடும். பெட்டிக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம், வாசித்து முடித்ததும் தந்திகளைத் துடைக்க ஒரு காய்ந்த பருத்தித் துணி, இவ்வளவுதான் செலவு.

சுருதி சேர்ப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சோடியில் ஒரு தந்தியை விரலால் அமர்த்திவிட்டு மற்றதை மட்டும் சுருதி காட்டும் கருவியோடு (டியூனர்) சேர்க்க வேண்டும், எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி. பிறகு விரலை எடுத்து இரண்டையும் மீட்டினால் ஒலி அலை அலையாக அதிரும். இரண்டாம் தந்தியின் முறுக்கை ஏற்ற ஏற்ற அலை மெதுவாகி, கடைசியில் நின்றுபோகும். அங்கே நிறுத்த வேண்டும். இரண்டாம் தந்தியையும் கருவியைப் பார்த்தே சேர்த்தால் சோடி ஒட்டாது.

பயிற்சிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் தாராளம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு அறுபதில் வைத்து, விரல் வைக்காத ஏ தந்தியில் ஒரு தட்டுக்கு நான்கு மீட்டு, பிறகு ஆறு, பிறகு எட்டு. அசைய வேண்டியது மணிக்கட்டு. தோள் இறுகினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மீட்டும் தகடான பிளெக்ட்ரம் மெல்லியதாக இருந்தால் தந்தியில் மோதும்போது மடங்கிச் சத்தம் போடும், தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாததாக, நுனி உருண்டதாக வாங்குங்கள். ஒரே சுரத்தை விடாமல் வேகமாக மீட்டி, எல்லா இடத்திலும் நடுக்கி வாசிக்கும் பழக்கம் தேவாலயப் பாட்டில் வந்திருக்கும். பீத்தோவனில் அது வேண்டாம், ஒவ்வொரு சுரத்தையும் ஒற்றை மீட்டாக, சுத்தமாக எடுக்க வேண்டும்.

அவளுக்கு மேலைத்தேய சுரக்குறி வாசிக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் மட்டும் நான் அவளுடைய பக்கம் இல்லை, ஒரு வருடத்துக்குள் அவள் படித்தே ஆகவேண்டும். தாளம் போட்டுப் பழகிய கை என்பதால் ஓய்வுகளை எண்ணுவது அவளுக்கு மற்றவர்களைவிட இலேசாகவே இருக்கும். 1738இல் ஜேர்மன் இசையமைப்பாளர் டெலிமான் வெளியிட்ட ஆறு கனோன் சொனாட்டாக்களை எடுக்கலாம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இருவரும் ஒரே வரியைத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் ஒருவர் சற்றுப் பிந்தித் தொடங்குவார். யாராவது ஒரு தட்டை விழுங்கினால் அடுத்த நொடியே இருவருக்கும் தெரிந்துவிடும், மறைக்க இடமில்லை. கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் எந்தத் தேவாலயத்திலும் இருப்பார்கள். மண்டோலா கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பெரும்பாலான பதிப்புகளில் மண்டோலாவின் வரியும் கிட்டாரைப் போலவே எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது, இரண்டாவது கிட்டார்காரர் அதை அப்படியே வாசிக்கலாம்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பலர் எழுதும் லண்டன் அசோசியேட்டட் போர்ட் இசைப் பரீட்சையில் மாண்டலின் இல்லை. இடது கை விரல் வைப்பு வயலினிலும் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால் அவள் வயலினையும் தொடங்கட்டும், புதிதாகப் படிக்க வேண்டியது வில்லும், கட்டை இல்லாத இடத்தில் சுருதி பிசகாமல் விரல் வைப்பதும். ஆறாம் தரச் செயன்முறைக்குப் போக ஐந்தாம் தரக் கோட்பாடு வேண்டும், அதை முதலில் முடிக்கட்டும். உயர்தரத்தில் கலைப்பிரிவு, அதில் சங்கீதம் ஒரு பாடம். கர்நாடகமோ மேலைத்தேயமோ, பாடசாலையில் எதற்கு உண்மையிலேயே ஆசிரியர் இருக்கிறாரோ அது. அதன் பிறகு மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், முன்பு இராமநாதன் நுண்கலைக்கழகமாக இருந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடம் இருக்கிறது. அரச பல்கலைக்கழகம், தமிழ் மொழிமூலம், கற்கைக் கட்டணம் இல்லை. செயன்முறைத் தேர்வு மட்டும் உண்டு.

மாண்டலினையே முதன்மைப் பாடமாக எடுக்க முடிந்த இடங்கள் ஐரோப்பாவில் இருக்கின்றன. ஜேர்மனியில் கொலோன் இசை நடனப் பல்கலைக்கழகத்தின் வூப்பர்டால் வளாகம் அவற்றில் ஒன்று. அங்கே கற்கைக் கட்டணம் இல்லை என்று கேள்விப்பட்டதும் யாராவது முகவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். அவர் சொல்லாமல் விடுவது இது: மாணவர் விசாவுக்கு ஒரு வருடத்து வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது, அப்போது நம் காசில் முப்பத்தைந்து இலட்சத்துக்கு மேல். நுழைவுத் தேர்வில் வாத்தியத்தோடு இசைக்கோட்பாடு, காதுப்பயிற்சி, பியானோ எல்லாம் பார்ப்பார்கள், ஜேர்மன் மொழியும் வேண்டும். இங்கே பட்டம் முடித்து, புலமைப்பரிசில் கையில் கிடைத்தால் மட்டும் போகட்டும். கடன் வாங்கிப் போக வேண்டாம்.

வருமானத்தையும் மறைக்கக்கூடாது. நால்வர் குழுவில் வாசிப்பதை மட்டும் நம்பி இலங்கையில் குடும்பம் நடத்த முடியாது. பட்டதாரி சங்கீத ஆசிரியர் நியமனம், மாலையில் வயலின், மாண்டலின் வகுப்பு, வார இறுதியில் குழு என்று மூன்றும் சேர்ந்துதான் ஒரு சீவியம். இது பெரிய சம்பளம் ஆகாது, ஆனால் கடனில்லாத சம்பளம். அவளிடம் இதை இந்த வார்த்தைகளிலேயே சொல்லிவிட்டு, பிறகும் வேண்டுமா என்று கேளுங்கள். ஆம் என்றால் உயர்தர விண்ணப்பப் படிவத்தை அவளே நிரப்பட்டும். மாமா கோபிப்பார். தனியார் நிறுவனத்துக்குப் பதிவுக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருந்தால், திருப்பித் தரும் கடைசித் திகதியை அவரிடம் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.