நூறு டாலருக்குப் பழைய பேஸ்பால் கார்டு வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் 12 வயது மகனுக்கு பேஸ்பால் பைத்தியம். அடுத்த ஞாயிறு பழைய கார்டுகள் விற்கும் சந்தைக்கு, அதாவது கார்டு ஷோவுக்குக் கூட்டிப் போகிறேன். வீரர்களின் படம் போட்டு வந்த 1960-களின் கார்டுதான் வேண்டுமாம். கையில் 100 டாலர். ஏமாறாமல் வாங்குவது எப்படி?

பதில்: மிக்கி மேன்டில், வில்லி மேஸ் போன்ற நட்சத்திர வீரர்கள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காவிட்டால் 100 டாலர் தாராளம். கண்ணாடிப் பெட்டிகளை விடுங்கள். மேசை ஓரத்தில் நீள அட்டைப் பெட்டிகள் இருக்கும். மூலை மழுங்கிய, மடிப்பு விழுந்த, பெரிதாகப் பேர் வாங்காத வீரர்களின் கார்டுகள் ஒன்றிரண்டு டாலருக்கு அங்கேதான் கிடைக்கும்.

டீலர் விலைப் புத்தகத்தைப் பிரித்து, "இதில் 40 போட்டிருக்கிறது, உங்களுக்கு 20" என்பார். மயங்காதீர்கள். அந்த விலை மூலை கூர்மையாக இருக்கும் கார்டுக்கு. அவர் கையில் இருப்பதோ மடங்கியது. ஈபேயில் அதே நிலையில் உள்ள கார்டு என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று போனில் பாருங்கள். கேட்கும் விலை கணக்கில்லை.

போலியைப் பிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். அசலில் படம் புள்ளிகளாகத் தெரியும், கருப்பு எழுத்து மட்டும் மையாக நிறைந்திருக்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தும் வண்ணப் புள்ளிகளாகச் சிதறும்.

அப்புறம், "கிரேடிங்குக்கு நானே அனுப்பித் தருகிறேன்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். கிரேடிங் என்றால் ஒரு நிறுவனம் கார்டைச் சோதித்து மதிப்பெண் போட்டுச் சான்று தருவது. இரண்டு டாலர் கார்டுக்கு அதைப்போலப் பல மடங்கு கட்டணம், மேலே அவர் கமிஷன்! அந்தச் சான்றின் லட்சணமும் தெரிந்ததுதான். பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனம் சான்றில் முதல் எண் கொடுத்து, 10-க்கு 8 மதிப்பெண் போட்ட பழங்கால வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டை, நல்ல நிலையில் இருப்பதுபோல் தெரிய ஓரம் வெட்டியது தான்தான் என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். இந்த லட்சணத்தில் 2021-இல் கார்டுகள் மலையாகக் குவிய, பெரும்பாலான வகைகளில் கிரேடிங்குக்குக் கார்டு ஏற்பதையே பிஎஸ்ஏ சில காலம் நிறுத்திவைத்தது.

மலிவுக் கணக்கில் ஒரு விலக்கு உண்டு. கார்டுகளை அச்சிட்ட டாப்ஸ் நிறுவனம் அப்போது ஒரு வருடத்துக் கார்டுகளைப் பல தவணையாக வெளியிட்டது. கடைசித் தவணை வருவதற்குள் சீசன் முடியப்போகும், பிள்ளைகள் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவியிருப்பார்கள். கடைக்காரர்கள் குறைவாகவே வாங்குவார்கள். அதனால் 1966-இல் 523 முதல் 598 வரையும், 1967-இல் 534 முதல் 609 வரையும் உள்ள எண்களில் யாரென்றே தெரியாத வீரருக்கும் விலை அதிகம். இவற்றை "ஹை நம்பர்" என்பார்கள். எண் பின்பக்கம் இருக்கும். மலிவுப் பெட்டியில் தட்டுப்பட்டால் வாயைத் திறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இதை வைத்தும் கதை விடுவார்கள். 1974-இலிருந்து டாப்ஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெளியிட்டதால், அப்புறம் கடைசித் தவணை என்ற அரிய கார்டே கிடையாது. எண்பதுகளின் சாதாரணக் கார்டைக் காட்டி "ஹை நம்பர் சார்" என்றால் அடுத்த மேசைக்கு நகருங்கள்.

மதியத்துக்கு மேல் போங்கள். மூட்டை கட்டும் நேரத்தில் டீலர்கள் இறங்கி வருவார்கள். இருபது கார்டைச் சேர்த்து வைத்து மொத்தமாக விலை கேளுங்கள். பணத்தைச் சில்லறை நோட்டாகக் கொண்டுபோங்கள்; நூறு டாலர் நோட்டை நீட்டிக்கொண்டு பேரம் பேச முடியாது.