பானையைக் கடைசியில் வாங்குங்கள்

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு எதையாவது காய்ச்ச நினைப்பவர்கள் நம் மாவட்டத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இந்த மாதக் கடிதங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சிலருக்கு பீர், சிலருக்கு அக்கானி, அதாவது பதநீர். பானையும் அடுப்பும் தண்ணீரும் எல்லோருக்கும் ஒன்றுதான், சட்டம் மட்டும் ஒன்றல்ல. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் பத்து வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன் அண்ணாச்சி. அங்கே நண்பர் வீட்டுக் கொட்டகையில் சேர்ந்து பீர் காய்ச்சுவோம். இங்கே புறவாசலில் இடம் சும்மா கிடக்கிறது. 50 லிட்டர் காய்ச்சும் அளவுக்கு ஒன்று கட்டலாம் என்று வெல்டரிடம் பேசிவிட்டேன். விற்பனைக்கு இல்லை, வீட்டுக்கு மட்டும். முதலில் எதை வாங்க? (நாகர்கோவில்)

பதில்: எதையும் வாங்காதீர்கள் தம்பி. வெல்டருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதை வேறு வேலைக்குத் திருப்பிவிடுங்கள். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். "வீட்டுக்கு மட்டும்" என்பது அதற்கு விலக்கு ஆகாது. அது மட்டுமில்லை, மது தயாரிப்பதற்காகப் பாத்திரமோ கருவியோ பொருளோ வைத்திருப்பதே அதே சட்டத்தில் குற்றம்தான். 2024-ல் தண்டனைகளையும் கூட்டிவிட்டார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கள்ளுக்கடை இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது உரிமம் பெற்ற கடை. கேரளத்திலும் உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்ச முடியாது.

அங்கே நீங்கள் செய்தது சரியானதுதான். 1978-ல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரி இல்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். அங்கேயே மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் இதை அனுமதித்தன. இங்கே அப்படி ஒரு வழி இன்னும் திறக்கவில்லை. உங்கள் ஆசை தப்பு என்று நான் சொல்லவில்லை. கைத்தொழில் தெரிந்த ஒருவர் அதை விட வேண்டியிருப்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் லட்ச ரூபாய் போட்டுக் கட்டிய கொட்டகை வழக்குச் சாமானாகப் போவதைப் பார்க்க நான் விரும்பவில்லை.

கேள்வி: சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அக்கானி தானாகவே புளிக்கிறது. இயற்கையாகப் புளிப்பதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? (மேல்புறம்)

பதில்: நீங்கள்தான் பொறுப்பு. புளித்தால் அது கள், கள் இறக்க இங்கே தடை இருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவுங்கள், இறக்கிய உடனே காய்ச்சுங்கள்.

கேள்வி: சுய உதவிக் குழுவில் ஐந்து பெண்கள் சேர்ந்து கருப்பட்டி காய்ச்ச 80 லிட்டர் ஸ்டீல் வார்ப்பு வாங்கினோம். 304 ஸ்டீல் என்று சொன்னார். காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. மூன்றாம் மாதமே வெல்டிங் வைத்துப் பற்றவைத்த இடமெல்லாம் பழுப்புப் புள்ளி. கேட்டால் "நீங்க தேய்க்கிற சோப்பு சரியில்ல" என்கிறார். ரசீதில் "எஸ்.எஸ். பாத்திரம்" என்று மட்டும் இருக்கிறது. (திங்கள்சந்தை)

பதில்: அம்மா, சோப்பின் மேல் பழி போடுகிறவரை நம்பாதீர்கள். இதைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காந்தச் சோதனையைப் போல வாங்குபவரை ஏமாற்றும் சோதனை வேறு இல்லை. 304-லும் காந்தம் ஒட்டாது, 202 என்ற இன்னொரு ஸ்டீல் ரகத்திலும் ஒட்டாது. 304-ல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாது. 202-ல் நிக்கலைப் பாதியாகக் குறைத்துவிட்டு மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். நிக்கல்தான் விலை கூடிய உலோகம், அதனால் 202 மலிவு. கண்ணுக்கு இரண்டும் ஒரே பளபளப்பு. துருவை எதிர்ப்பதில்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் நம் கடலோரக் காற்றில் சீக்கிரமே தெரிந்துவிடும். இதில் இன்னொரு கொடுமை, நல்ல 304 தகட்டைக்கூட வளைத்துத் தட்டிய இடத்தில் காந்தம் லேசாக இழுக்கும். அதைப் பார்த்து நல்ல சாமானைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

நானும் ஏமாந்தவன்தான். சில வருடம் முன்னால் நெல் அவிக்க 60 லிட்டர் அண்டா ஒன்று வாங்கினேன். கடைக்காரர் காந்தத்தை மேலும் கீழும் ஓட்டிக் காட்டினார், நான் தலையாட்டினேன். ஆறு மாதத்தில் அடியில் குண்டூசி முனை அளவு ஓட்டை. விரலை வைத்தால் ஈரம். என்னிடம் ரசீதே இல்லை, தெரிந்த கடை என்று கேட்காமல் விட்டுவிட்டேன். அந்த 6,500 ரூபாயை இன்றுவரை மறக்க முடியவில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். புள்ளி வந்ததாலேயே அது 202 என்று முடிவு கட்ட முடியாது. 304-ஐப் பற்றவைத்துவிட்டு அந்த இடத்துக் கருமையை எடுக்காமல் விட்டாலும் துருப் பிடிக்கும். ஆகவே முதலில் சோதனை. மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் சின்னக் குப்பியில் கிடைக்கிறது, கூடவே பேட்டரி ஒன்றும் வரும். ஒரு சொட்டு விட்டு மின்சாரம் காட்டினால் 202 போன்ற 200 வரிசை ஸ்டீலில் சட்டென்று சிவக்கும், 304-ல் சிவக்காது. அதைச் செய்யும்போது வீடியோ எடுத்து வையுங்கள். சிவந்தால் கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள்: சொன்னது 304, கொடுத்தது வேறு, 15 நாளில் பணத்தைத் திருப்பித் தரவும். சிவக்காவிட்டால் பற்றவைத்ததில்தான் குறை, அந்த இடங்களைச் சுத்தம் செய்து தரச் சொல்லி எழுதுங்கள்.

"வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று அவர் வாதாடக்கூடும். பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. ஐந்து பேரும் அதை நம்பித்தான் பிழைக்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு: ரசீதில் "304" என்ற எண், தகட்டின் கனம் மில்லிமீட்டரில், எடை, இந்த மூன்றும் எழுதாமல் பணத்தை எண்ணாதீர்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம். மலிவு என்று அலுமினியப் பாத்திரத்துக்கும் போகாதீர்கள். அக்கானியில் சுண்ணாம்பு இருக்கிறது, சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும்.

கேள்வி: கருங்கல்லில் பிறந்தவன், இப்போது மெல்போர்னில் இருக்கிறேன். இங்கே வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உண்டு. பின்னால் இருக்கும் 3 மீட்டருக்கு 4 மீட்டர் கொட்டகையை அதற்கென்றே மாற்றப் போகிறேன், எல்லாம் மின்சாரத்தில். பளபளவென்று மூன்று பானை கொண்ட ஒரு செட் பார்த்து வைத்திருக்கிறேன். பட்ஜெட்டில் பாதி அதற்கே போய்விடும். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் கடைசியில். முதல் பணம் தரைக்கு. தண்ணீர் ஓடும் வாட்டமும் ஒரு வடிகாலும் இல்லாத இடத்தில் காய்ச்சினால் கழுவும் வேலையே உங்களைச் சலிக்க வைத்துவிடும். காய்ச்சுவதில் பாதிக்கு மேல் கழுவும் வேலைதான், அது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது மின்சாரம். 50 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 4.7 யூனிட் வேண்டும். சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் 2,400 வாட்தான் கிடைக்கும், வெப்பம் வீணாகாவிட்டாலும் இரண்டு மணி நேரம் ஆகும். 15 ஆம்பியர் இணைப்பில் 3,600 வாட், ஒன்றே கால் மணிக்குச் சற்று மேல். அதனால் பானையின் லிட்டரைப் பார்ப்பதற்கு முன் கொட்டகைக்கு எந்த இணைப்பு வருகிறது என்று பாருங்கள். அங்கே வயரிங் வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். ஈரத் தரையில் நிற்கப் போகிறீர்கள், 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் இல்லாமல் ஒரு நாள்கூடக் காய்ச்ச வேண்டாம்.

மூன்றாவது ஆவி. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் கொதித்தால் 4, 5 லிட்டர் ஆவியாகி மேலே போகும். பீருக்கு மூடியைப் போட்டுக் கொதிக்கவிடவும் முடியாது. முளைவிட்ட தானியமான மால்ட்டிலிருந்து வரும் டைமெத்தில் சல்பைடு என்ற வாயு வெளியேறாவிட்டால் அவித்த சோள வாடை வந்துவிடும். எங்கள் வீட்டு அக்கானிச் சாய்ப்பில் நான் பட்டதைச் சொல்கிறேன். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் அடைத்து, மலிவாகக் கிடைத்த தகரத்தை மேலே போட்டேன். இரண்டாம் நாள் பார்த்தால் தகரத்தின் உட்புறம் முழுக்க வியர்வை போல நீர். அது ஆணி அடித்த இடங்களில் துருவோடு சேர்ந்து, செம்மண் நிறத்தில் சொட்டுச் சொட்டாக வார்ப்புக்குள் விழுந்துகொண்டிருந்தது. 40 லிட்டர் அக்கானியைத் தென்னை மூட்டில் கொட்டினேன். பனையேறி விடியுமுன் ஏறி இறக்கிய அக்கானி அது. ஆகவே பானைக்கு நேர் மேலே கூண்டும் வெளியே இழுக்கும் விசிறியும் வையுங்கள், உள்ளே காற்று வர எதிர்ப்பக்கம் ஒரு வழியும் விடுங்கள். பீரை நொதிக்க வைக்கும் மூலையிலும் காற்றோட்டம் வேண்டும், அங்கே கரியமில வாயு தரையோடு தங்கும்.

இதெல்லாம் போக மிஞ்சும் பணத்தில் ஒரு பழைய குளிர்பெட்டியும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்குங்கள். ஏல் என்ற பீர் வகைக்கு 18 முதல் 20 டிகிரியில் நிலையாக வைத்தாலே பீர் நன்றாக வரும். மூன்று பானையும் அடுத்த வருடம் வரலாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து சித்தப்பா தன் பழைய மின்சாரப் பானையைக் கொடுத்துவிட்டார். அக்கானி காய்ச்ச பிளக்கில் சொருகினேன், ஒரு நிமிடத்தில் கருகிவிட்டது. கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கலாமா? (குலசேகரம்)

பதில்: கேட்க முடியாது. அது 120 வோல்ட் பானை, நம் வீட்டில் 230. வோல்ட் இரட்டிப்பானால் வெப்பம் நாலு மடங்கு, கிட்டத்தட்ட அதுதான் நடந்திருக்கிறது. பானையின் அடியிலேயே வோல்ட் அச்சடித்திருக்கும். அதைப் படிக்காமல் சொருகிவிட்டு யாரையும் குறை சொல்லாதீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனதே போதும். வீட்டில் பிள்ளைகள் இருக்கும் இடம் அது.

கேள்வி: அக்கானியின் இனிப்பை அளக்கக் கண்ணாடி மிதவைமானி வாங்கினேன். சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? (அருமனை)

பதில்: 20 டிகிரி சுத்தத் தண்ணீரில் விடுங்கள். அடர்த்தி அளவுகோல் என்றால் 1.000, சர்க்கரைச் சதவீதம் காட்டும் பிரிக்ஸ் அளவுகோல் என்றால் 0 காட்ட வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கருப்பட்டிக் கொட்டகை கட்ட ஒருவர் 90,000 ரூபாய் வாங்கினார். தரை மட்டம் தப்பி, கழுவிய தண்ணீரெல்லாம் அடுப்புப் பக்கம் வந்து நிற்கிறது. ஒரு சுவர் பாதியில் நிற்கிறது. இப்போது போனையே எடுப்பதில்லை. கணவர் இல்லாத வீடு என்பதால் மிரட்டலாகவும் பேசினார். எழுத்தில் ஒன்றும் இல்லை, வங்கி வழியாக 60,000 அனுப்பியிருக்கிறேன். (குளச்சல்)

பதில்: தங்கச்சி, எழுத்தில் ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். வங்கிக் கணக்கு ஒரு சாட்சி, வாட்ஸ்அப்பில் பேசியது இன்னொன்று, நிற்கிற தண்ணீர் மூன்றாவது. மிரட்டியதற்குக் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுங்கள், மனு ஏற்புச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.

கட்டட வேலையும் சேவைதான், சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போக வேண்டும். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. அடுப்பிலிருந்து தள்ளி, தரையின் நடுவில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே எத்தனை விரல் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துத் தேதியோடு வீடியோ எடுங்கள். வேறொரு கொத்தனாரை அழைத்து, இடித்துச் சரிசெய்ய என்ன ஆகும் என்று கையெழுத்தோடு மதிப்பீடு வாங்குங்கள். அதுவரை அந்தத் தரையில் கை வைக்க யாரையும் விடாதீர்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் எல்லாத் தாள்களின் நகலையும் எனக்கு அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.