கேளுங்க... சொல்றோம்! (இந்த வாரம்: காஸ்பல்னு சொல்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பக்திப்பாட்டோட ஹிட் லிஸ்ட்)

கே: வாலிபர் ஞாயிறுக்கு எங்க சர்ச் க்வயர்ல (பாடகர் குழுவுல) 'ஓ ஹாப்பி டே' பாடப்போறோம். அமெரிக்கால ஹிட் லிஸ்ட்லயே வந்த பாட்டும்மான்னு எங்க சபை ஐயர் (போதகர்) சொல்றாங்க. சர்ச் பாட்டு எப்படிங்க சினிமா பாட்டு மாதிரி லிஸ்ட்ல வரும்?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

ப: ஐயர் சொன்னது நெசம்தாம்மா. 1969-ல பில்போர்டுங்கிற அமெரிக்க இசைப் பத்திரிகையோட மெயின் லிஸ்ட்டுல 4-வது இடம், இங்கிலாந்துல 2-வது இடம். இதுல தமாஷ் என்னன்னா அது லிஸ்ட்டுக்காகப் போட்ட பாட்டே கிடையாது. எட்வின் ஹாக்கின்ஸ்னு கலிஃபோர்னியாக்காரர், அங்க ஒரு வாலிபர் க்வயரை நடத்திட்டிருந்தார், க்வயரோட வெளியூர்ப் பயணத்துக்கு காசு சேர்க்கணும்னு பெர்க்லில அவங்க சர்ச்சுக்குள்ளயே வச்சு ரெக்கார்ட் பண்ணி, கொஞ்சம் பிரதிதான் அடிச்சு தெரிஞ்சவங்ககிட்ட வித்தாங்க. அதுல ஒண்ணு எப்படியோ சான் ஃபிரான்சிஸ்கோ ரேடியோ ஆளு கைக்குப் போச்சு, அவர் போட ஆரம்பிச்சதும் ஜனங்க கடைக்கு ஓடுறாங்க, கடையில பாட்டே இல்ல! அப்புறம்தான் பெரிய கம்பெனி வாங்கி வெளியிட்டாங்க, மறு வருஷம் கிராமி இசை விருதும் வந்துச்சு. அந்த ஊர் சபைப் பெரியவங்க சிலருக்கு கிளப்புல எல்லாம் இந்தப் பாட்டு ஓடுதேன்னு கோவம் வேற. இத்தனைக்கும் மூலம் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் கீதம்தான், ஹாக்கின்ஸ் அதைத் தாளம் மாத்திப் புதுசா அமைச்சார். தாளத்தை விட்டுடாம பாடுங்க.

கே: காஸ்பலுக்குன்னு தனி லிஸ்ட் எப்ப வந்துச்சு?
- வாசகர், திருச்சி

ப: ரொம்ப லேட்டா. பில்போர்டு 1940 ஜூலையில ரெக்கார்டு விற்பனை லிஸ்ட் போட ஆரம்பிச்சாங்க. கறுப்பின மக்களோட பாட்டுக்கு 1942-ல 'ஹார்லெம் ஹிட் பரேடு'ன்னு ஒரு தனி லிஸ்ட், அப்புறம் அதையே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'னு, அதாவது 'இன' ரெக்கார்டுன்னு கூப்பிட்டாங்க, பேரைப் பாருங்க, 1949-லதான் அதை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்'னு மாத்தினாங்க. காஸ்பல் பாட்டு வந்தா இதுக்குள்ளதான் வரணும். 1945-ல சிஸ்டர் ரொசெட்டா தார்ப்னு ஒரு அம்மா, கையில எலெக்ட்ரிக் கிட்டார் வச்சுக்கிட்டு சாமி பாட்டு பாடுறவங்க, அந்த லிஸ்ட்டுல 2-வது இடம் பிடிச்சாங்க. அது ஜூக்பாக்ஸ் லிஸ்ட், அதாவது பாருலயும் ஹோட்டல்லயும் இருக்கிற பாட்டு மெஷின்ல காசு போட்டுக் கேட்டதோட கணக்கு. பாருல உக்காந்து பக்திப்பாட்டுக்கு காசு போட்டிருக்காங்கன்னா பாத்துக்கோங்க!

காஸ்பல் ஆல்பத்துக்குத் தனி லிஸ்ட் வந்தது எழுபதுகள்ல. 1980 வாக்குல 'ஸ்பிரிச்சுவல்' ஒண்ணு, 'இன்ஸ்பிரேஷனல்' ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிச்சாங்க. பேருதான் அப்படி, முதலாவது கறுப்பர் சபைப் பாட்டு, ரெண்டாவது பெரும்பாலும் வெள்ளையர் பாடுறது. இன்னைக்கும் காஸ்பல் தனி, கிறிஸ்டியன் தனின்னு ரெண்டு லிஸ்ட் இருக்குதுன்னா காரணம் இதுதான். ஆல்பத்தை விட்டுட்டு ஒவ்வொரு பாட்டுக்கும்னு காஸ்பல் லிஸ்ட் வந்தது 2005-லதான்.

கே: யாரு எத்தனை வித்தாங்கன்னு அந்தக் காலத்துல எப்படிங்க எண்ணினாங்க?
- வாசகர், மதுரை

ப: கடைக்காரருக்கு போன் போட்டு "என்னண்ணே நல்லா போகுது?"ன்னு கேக்குறதுதான், அவர் வாயில என்ன வருதோ அது லிஸ்ட். சும்மா கிண்டலுக்குச் சொல்லல, நெசமாவே 1991 வரைக்கும் கிட்டத்தட்ட இதே முறைதான். அந்த வருஷம்தான் சவுண்ட்ஸ்கேன் வந்துச்சு, பில் போடும்போது பார்கோடை அடிச்சா கணக்கு தானா ஏறிடும். ஆனா காஸ்பல் ரெக்கார்டு வித்தது எங்க? சர்ச் வாசல்ல மேசை போட்டு, கச்சேரி முடிஞ்சு கார் டிக்கிய தொறந்து வச்சு, கிறிஸ்தவப் புத்தகக் கடையில. இதெல்லாம் கணக்குலயே வரல. புத்தகக் கடைங்க சவுண்ட்ஸ்கேனுக்குள்ள வந்தது 1995-ல, வந்ததும் இந்த ஆல்பமெல்லாம் மெயின் லிஸ்ட்டுல திடீர்னு தலையக் காட்டுச்சு, எல்லாரும் "அட, காஸ்பல் வளர்ந்துடுச்சே"ன்னாங்க. வளர்ந்ததெல்லாம் இல்லீங்க, முன்னாடியே இருந்துச்சு, எண்ண ஆள் இல்ல அவ்வளவுதான். கிர்க் ஃபிராங்க்ளினோட 1993 ஆல்பம் பத்து லட்சம் தாண்டினது மாதிரி நெசமான வளர்ச்சியும் உண்டு, அதையும் சொல்லிடணும்.

கே: எல்விஸ் பிரெஸ்லி காஸ்பல் பாடினாராமே?
- வாசகர், சேலம்

ப: பாடினாரா! போட்டியில ஜெயிச்சு அவர் வாங்குன கிராமி மொத்தம் மூணு, மூணுமே பக்திப்பாட்டுக்குத்தான். ராக் அண்ட் ரோலுக்கு ஒண்ணு கூட இல்ல.

கே: கான்யே வெஸ்ட் காஸ்பல் லிஸ்ட்டையே மொத்தமா பிடிச்சாருன்னு என் பையன் சொல்றான். நிஜமாவா?
- வாசகி, கோயம்புத்தூர்

ப: பையன் சரியாத்தான் சொல்றான்மா. 2019 அக்டோபர்ல அவரோட 'ஜீசஸ் இஸ் கிங்' ஆல்பம் வந்தப்ப அந்த வாரம் காஸ்பல் லிஸ்ட்டுல முதல் பத்து இடமும் அவருக்குத்தான். 2013 கடைசி வரைக்கும் அந்த லிஸ்ட் ரேடியோ கணக்கு, அதுக்கப்புறம் ஸ்ட்ரீமிங், டவுன்லோடு எல்லாத்தையும் சேர்த்துட்டாங்க. அதனால ஏற்கனவே கோடிக்கணக்குல ரசிகர் இருக்கிற ராப்பர் ஒருத்தர் வந்தா, வருஷக்கணக்கா சபையில பாடிட்டு வர்றவங்க எல்லாம் ஒரே ராத்திரில கீழ போயிடுவாங்க. எனக்கு இது கொஞ்சம் கசப்புதான், ஒத்துக்கிறேன்.

பையன்கிட்ட காஸ்பல் பாடகர் மார்வின் சாப் பேரையும் சொல்லுங்க. அப்பாவை அடக்கம் பண்ணின சில நாள்லயே ஆராதனை மேடையில தானா வந்த வரிகளை வச்சு பாடினார், 'நெவர் வுட் ஹாவ் மேட் இட்'னு. 2007-08-ல அந்தப் பாட்டு காஸ்பல் லிஸ்ட்டுல 46 வாரம் முதலிடத்துல உக்காந்திருந்துச்சு. அதே பாட்டுக்கு மெயின் லிஸ்ட்டுல கிடைச்ச உச்ச இடம் 82.