யோனா ஏன் கோவப்பட்டார்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, யோனா பயந்துதான் ஓடிப்போனார்னு சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. அப்புறம் ஏன் நினிவே ஜனங்க மனந்திரும்புனதும் அவருக்கு கோவம் வருது? கேக்க காரணம் இருக்கு. எங்க அப்பா பங்கு நிலத்த ஏமாத்தி எழுதி வாங்கின சித்தப்பா இப்போ சபைல சாட்சி சொல்றாரு, எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்றாங்க, எனக்கு மட்டும் வயிறு எரியுது. இது பாவமா? - பெயர் போட வேண்டாம்

பதில்: பயந்து ஓடல சிஸ்டர். கதை தெரியாதவங்களுக்கு ஒரு வரி: பைபிள்ல யோனா புஸ்தகத்துல வர்ற இந்தத் தீர்க்கதரிசிய, நினிவேக்குப் போய் எச்சரிக்கச் சொல்லி ஆண்டவர் அனுப்பறார், இவரோ வேற பக்கம் ஓடறார், கடைசில போய்ச் சொன்னதும் ஊரே மனந்திரும்புது, ஆண்டவர் அத அழிக்காம விட்டுடறார். ஓடின காரணத்த அவரே அந்தப் புஸ்தகம் 4ம் அதிகாரத்துல சொல்லிடறார், நீர் இரக்கமுள்ளவர்னு எனக்குத் தெரியும், அதனாலதான் முன்னமே தர்ஷீசுக்கு ஓடினேன்னு. அதாவது ஆண்டவர் மன்னிச்சிருவாரோங்கறதுதான் அவருக்கு பிரச்சனையே! நினிவே கிழக்க, இன்னைக்கு ஈராக்ல மோசுல் இருக்கற இடம், இவரு யோப்பா துறைமுகத்துக்குப் போய் காசு குடுத்து மேற்க தர்ஷீசுக்குப் போற கப்பல்ல ஏறிட்டாரு.

அவர் கோவத்த லேசா நினைக்காதீங்க. நினிவே அசீரியாக்காரங்க ஊரு, ஊர் ஊரா பிடிச்சு ஜனங்கள நாடு கடத்தறவங்க, பின்னாடி கி.மு. 722 வாக்குல யோனாவோட சொந்த ஜனங்களான இஸ்ரவேலோட தலைநகர் சமாரியாவ முடிச்சதும் அதே அசீரியாதான். அவங்களுக்குப் போய் இரக்கமான்னு கேக்கறது மனுஷ சுபாவம்தானே.

ஆனா ஒண்ணு கவனிங்க. முதல் அதிகாரத்துல வேற சாமி கும்பிடற கப்பக்காரங்க, இவரால புயல்னு தெரிஞ்சும் இவர கடல்ல போட மனசு வராம கரை சேரப் பாடுபட்டு துடுப்பு போடறாங்க. தீர்க்கதரிசியோ ஒரு ஊரே அழியுதான்னு பாக்க குடிசை போட்டு உக்காந்திருக்காரு. (கடல்ல போட்டதும் யோனாவ முழுங்கின மீனப் பத்தியே பேசிப் பேசி இதெல்லாம் நமக்கு கண்ல படறதில்ல, 48 வசனத்துல மீன் வர்றது வெறும் 3 வசனம்.)

அந்தக் கோவத்துக்கு ஆண்டவர் தண்டனை குடுக்கல. "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ"ன்னு கேட்டதோட சரி, வெயில்ல காயறாரேன்னு ஒரு ஆமணக்குச் செடிய வேற முளைக்க வைக்கறார். மறுநாள் புழு அரிச்சு அது பட்டுப்போனதும் இவர் செத்தாத் தேவலைங்கறார். நீ தண்ணி ஊத்தாத, ஒரு ராத்திரி செடிக்கே இவ்ளோ பரிதாபப்படறியே, 1,20,000 பேருக்கு மேல ஜனங்களும் அத்தனை மிருகங்களும் இருக்கற ஊருக்கு நான் பரிதாபப்படக் கூடாதான்னு கேக்கறார். ஆடு மாட்டக்கூட கணக்குல சேத்துக்கறாரு பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

யோனா என்ன பதில் சொன்னார்னு எழுதல. ஆனா எரிச்சல மனசுல வச்சுப் புழுங்காம நேரா ஆண்டவர்கிட்டயே கொட்டினார்ல, நீங்களும் அப்படியே கொட்டுங்க, அதுவும் ஜெபம்தான்.

சித்தப்பா விஷயம். நினிவே ராஜா மனந்திரும்பினதுக்கு அடையாளமா வெறும் சாக்குத் துணி உடுத்துங்கன்னு மட்டும் சொல்லல, அவங்கவங்க கையில இருக்கற கொடுமையையும் விட்டுத் திரும்பணும்னு சொன்னான், ஆண்டவர் பாத்தது அவங்க கிரியைகள, அதாவது செயல்களன்னு யோனா 3:10 சொல்லுது. அதனால பெரியவங்க ரெண்டு பேர வச்சு நிலத்தப் பத்தி நீங்க தாராளமா கேக்கலாம், கேட்டா மன்னிக்கலன்னு அர்த்தம் இல்ல. அதுவரைக்கும் அவர் சாட்சிக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரலன்னா விட்டுருங்க, யோனாவும்தான் சொல்லல.