லீவுல காலியா கிடக்குற கேம்பஸ்ல ஒர்க்‌ஷாப் வெக்கிறது எப்படி? உங்க கேள்விகளுக்குப் பதில்

பன்னெண்டு வருஷமா கோடை லீவுல யூனிவர்சிட்டி கேம்பஸ்ல ஒர்க்‌ஷாப், சம்மர் ஸ்கூல், பள்ளிக்கூடப் பசங்களுக்கான சயின்ஸ் நாள்னு ஒருங்கிணைச்சுட்டு இருக்கேன். சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொன்னதும் நிறைய பேர் கேட்டுட்டீங்க, ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துட்டேன்.

அக்கா, லீவு விட்டா ஹாஸ்டலே காலி. அந்த நேரத்துல நிகழ்ச்சி வெச்சா யாருக்கா வருவாங்க?

காலின்னு நமக்குத் தோணுது தம்பி, ஆனா நல்லா பாருங்க, ரிசர்ச் பண்றவங்க லேப்லயேதான் இருக்காங்க, செமஸ்டர் நேரத்துல மூச்சு விட முடியாம இருந்த ஸ்டாஃபுக்கு இப்பதான் கொஞ்சம் நேரம் கிடைக்குது, வெளியில இருந்து வர ஆசைப்படுறவங்களுக்கு மத்த மாசத்துல கேம்பஸ் கதவே திறக்காது. அதனால செமஸ்டர்ல வர்ற அதே கூட்டத்தை எதிர்பார்க்காதீங்க, இது வேற கூட்டம். கம்மியா இருக்கும், ஆனா வர்றவங்க விரும்பி வந்தவங்களா இருப்பாங்க.

கம்மியா வந்தா வேஸ்ட்னு நினைக்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்ற ஒரு விஷயம் இருக்கு. 1946 ஜூலை 8ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் பென்சில்வேனியா யூனிவர்சிட்டியோட மூர் ஸ்கூல்ல ஒரு சம்மர் கோர்ஸ் நடந்துச்சு, ஆரம்பகால எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர்கள்ல ஒண்ணான எனியாக்கைக் கட்டின இடம் அது. முறைப்படி கலந்துக்கிட்டவங்க வெறும் 28 பேர். அதுல மாரிஸ் வில்க்ஸ்னு ஒருத்தர் கேம்பிரிட்ஜ்ல இருந்து வரணும், கப்பல்ல இடம் கிடைக்காம லேட்டாகி, கடைசி ரெண்டு வாரம்தான் உக்கார முடிஞ்சுது. அந்த ரெண்டு வாரத்துல கேட்டதை வெச்சு திரும்பிப் போற கப்பல்லயே டிசைன் போட ஆரம்பிச்சவர், 1949 மே 6ல எட்சாக்னு, புரோகிராமைத் தன் மெமரிலயே வெச்சு ஓடுற ஆரம்பகால கம்ப்யூட்டர் ஒண்ணை ஓட விட்டுட்டார். லேட்டா வந்த ஒருத்தரை உள்ள விட்டதால என்ன நடந்துச்சு பாருங்க. இதைப் படிச்சதுக்கப்புறம் நான் ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுபோச்சுன்னு யாரையும் திருப்பி அனுப்பினதில்ல.

மேடம், எங்க டிபார்ட்மென்ட்ல மூணு மணி நேரம் ஸ்லாட் கொடுத்திருக்காங்க. என்ன தலைப்பு வெக்கலாம்? ஒரு அஞ்சு தலைப்பைத் தொட்டுட்டுப் போகலாம்னு ஒரு ஐடியா.

அஞ்சு வேண்டாங்க. ஒண்ணு போதும். வந்தவங்க அவங்க கையால ஒண்ணை ஆரம்பிச்சு, அவங்க கையாலயே முடிச்சு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும், அது ஒரு சின்ன புரோகிராமா இருக்கட்டும், ஒரு சர்க்யூட்டா இருக்கட்டும், ஒரு பக்கம் எழுத்தா இருக்கட்டும். இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அஞ்சு தலைப்பைத் தொட்டுப் போனா மறுநாள் ஒண்ணுகூட ஞாபகம் இருக்காது.

எனக்குப் பிடிச்ச ஒண்ணைச் சொல்றேன், சயனோடைப். வெயிலை வெச்சு போட்டோ பிரிண்ட் போடுறது, கோடைக்குன்னே இருக்கிற மாதிரி ஒரு விஷயம். 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் இதை வெச்சு கடல்பாசிகளைப் பதிவு பண்ணி புத்தகமா போட ஆரம்பிச்சாங்க. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ரெண்டையும் தனித்தனியா தண்ணில கரைச்சு, கலந்து, வெளிச்சம் கம்மியான ரூம்ல பிரஷ்ஷால தாள்ல தடவி இருட்டுல காய விடணும். காஞ்ச தாள் மஞ்சளும் பச்சையுமா இருக்கும். கேம்பஸ்ல கீழே கிடக்குற இலையை எடுத்துட்டு வாங்கன்னு ஒரு கால்மணி நேரம் அனுப்பிடுவேன். இலையைத் தாள்மேல வெச்சு, மேல கண்ணாடி வெச்சு அழுத்தி வெயில்ல வெச்சா, அஞ்சு நிமிஷமோ இருபது நிமிஷமோ, வெயிலைப் பொறுத்து, இலை மறைக்காத இடமெல்லாம் ஒரு மாதிரி சாம்பல் நிறத்துக்கு வந்துடும். பார்த்தா கெட்டுப்போன மாதிரிதான் இருக்கும், பசங்க முகம் வாடிடும். அப்புறம் தண்ணித் தட்டுல போட்டு மெதுவா ஆட்டும்போது மஞ்சள் கரைஞ்சு போய் நீலம் எழும்பி வரும், நடுவுல இலை வெள்ளையா, நரம்போட நிக்கும். அந்த நிமிஷம் ரூம்ல வர்ற சத்தத்துக்காகவே நான் வருஷா வருஷம் இதை வெக்கிறேன். கையுறை கட்டாயம் போடணும், அந்த ஃபெரிசயனைடு பக்கத்துல ஆசிட் எதுவும் வரவே கூடாது, சேர்ந்தா விஷவாயு கிளம்பும். கெமிக்கலைக் கலக்குறதை கெமிஸ்ட்ரி லேப் ஆள் ஒருத்தர்கிட்ட விட்டுடுங்க.

எத்தனை பேரைச் சேர்க்கலாம்? போன வருஷம் 80 பேர் பேர் கொடுத்து, 35 பேர்தான் வந்தாங்க, ஏற்பாடு எல்லாம் வீணாப்போச்சு.

ஃப்ரீ நிகழ்ச்சின்னா இது நடக்கும், உங்க தப்பு இல்ல. பேர் கொடுக்கிறதுக்கு ஒரு கிளிக் போதும்னா யோசிக்காம கொடுத்துடுவாங்க, அதனால ஃபார்ம்லயே ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க, ஏன் வர ஆசைப்படுறீங்கன்னு. அந்த ரெண்டு வரி எழுதினவங்க பெரும்பாலும் வந்துடுறாங்க. நாலு நாள் முன்னாடி ஒரு மெசேஜ், வரீங்களா இல்லையான்னு பதில் கேட்டு, பதில் வராத இடத்தை வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்குக் கொடுத்துடுங்க. கையால செய்ற ஒர்க்‌ஷாப்புக்கு நான் 24க்கு மேல எடுக்கிறதில்ல, எட்டு பேருக்கு ஒரு ஹெல்ப்பர். 80 பேரை உக்கார வெச்சா அது லெக்சர், அதுக்கு லெக்சர்னே பேர் வெச்சுடலாம்.

அக்கா, நாங்க ஸ்டூடண்ட் கிளப்ல இருந்து பைத்தான் புரோகிராமிங் ஒர்க்‌ஷாப் நடத்துறோம். ஒவ்வொரு தடவையும் முதல் ஒரு மணி நேரம் இன்ஸ்டால் பண்றதுலயே போயிடுது, அப்புறம் பாதிப் பேர் பின்தங்கிடுறாங்க, ஆனா கேட்டா எல்லாரும் புரியுதுன்னு தலையாட்டுறாங்க.

இன்ஸ்டால் பண்றதை முதல் நாள் சாயங்காலம் தனியா வெச்சுடுங்க, ஒரு மணி நேரம், பிரச்சனை இருக்கிறவங்க மட்டும் லேப்டாப்போட வரட்டும். வைஃபையும் அன்னிக்கே பாருங்க, வேற யூனிவர்சிட்டில இருந்து வர்றவங்ககிட்ட எடுரோம் (யூனிவர்சிட்டிகள் சேர்ந்து நடத்துற பொது வைஃபை) அக்கவுண்ட் இருந்தா உங்க கேம்பஸ்லயும் அதே பாஸ்வேர்டுல கனெக்ட் ஆகும், உங்க கேம்பஸும் அதுல சேர்ந்திருந்தா. மத்தவங்களுக்கு கெஸ்ட் லாகின் முன்னாடியே வாங்கி பிரிண்ட் எடுத்து டேபிள்ல வெச்சிருங்க.

தலையாட்டுற விஷயத்துக்கு வர்றேன். கூட்டத்துல கை தூக்கி புரியலைன்னு சொல்ல யாருக்குத்தான் மனசு வரும், அதுவும் பக்கத்துல தெரியாதவங்க உக்காந்திருக்கும்போது. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிற, 1998ல ஆரம்பிச்ச சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி ஆளுங்க பயன்படுத்துற ஒரு வழி இருக்கு, நான் அப்படியே எடுத்துக்கிட்டேன். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கலர் ஒட்டுத்தாள். முடிச்சுட்டேன்னா பச்சையை லேப்டாப் மேல ஒட்டணும், மாட்டிக்கிட்டேன்னா சிவப்பு. வாயே திறக்க வேண்டாம். பாடம் எடுக்கிறவர் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தா போதும், சிவப்பு நிறைய இருந்தா நிறுத்திடணும், ஒண்ணு ரெண்டுன்னா ஹெல்ப்பர் போய் பக்கத்துல உக்காருவாங்க. போன கோடைல ஒரு பொண்ணு காலைல முழுக்க சிவப்பு ஒட்டிட்டே இருந்துச்சு, ஒரு தடவைகூட பேசல, மத்தியானம் மூணு மணிக்கு முதல் பச்சையை ஒட்டிட்டு அதை ரெண்டு தடவை அழுத்தித் தடவி விட்டுச்சு, விழுந்துடக் கூடாதுன்னு.

ஹெல்ப்பர்ஸ்கிட்ட ஒண்ணு கண்டிப்பா சொல்லி வைங்க, கீபோர்டைப் பிடுங்கி தாங்களே டைப் பண்ணிடக் கூடாது.

இடம் புக் பண்ணும்போது எதைக் கவனிக்கணும்?

லீவுதான் கேம்பஸ்ல ரிப்பேர் வேலை நடக்குற சீசன், இதைப் பலரும் மறந்துடுறாங்க. பெயிண்டிங், வயரிங், தண்ணித் தொட்டி சுத்தம் பண்றது எல்லாம் அப்பதான். ஒரு வருஷம் நாங்க எல்லாம் சரியா புக் பண்ணி, ரெண்டாம் நாள் காலைல போய் பார்த்தா அந்த பிளாக்ல நாள் முழுக்க கரண்ட் கட், ரூம் கொடுத்த ஆபீஸுக்கும் தெரியாது, மெயின்டனன்ஸ் ஆளுங்களுக்கு நாங்க உள்ள இருக்கிறதும் தெரியாது. 22 பேரோட மரத்தடில உக்காந்து அன்னிக்கு பாடத்தையே மாத்த வேண்டியதா போச்சு. அப்போல இருந்து ரூம் புக்கிங்கோட நிறுத்துறதில்ல, மெயின்டனன்ஸ் பார்க்கிறவங்களை நேர்ல போய் பார்த்து அந்த வாரம் என்ன வேலை இருக்குன்னு கேட்டுடுறேன். லைப்ரரி, கேன்டீன் நேரமும் லீவுல மாறும். பாத்ரூம் திறந்திருக்கான்னு நீங்களே போய் கதவைத் தள்ளிப் பாருங்க. சக்கர நாற்காலில வர்றவங்க இருந்தா லிஃப்ட் ஓடுதான்னும் பாருங்க, லீவுல லிஃப்டை நிறுத்தி வெக்கிற கட்டடம் நிறைய இருக்கு.

வெயில் நேரத்துல வெளியில நிகழ்ச்சி வெக்கலாமா மேடம்?

காலைலயோ சாயங்காலமோ வைங்க, நடு மத்தியானம் வேண்டாம். நிழல், தண்ணி, உக்கார இடம் மூணும் இல்லாம வெளியில கூட்டிட்டுப் போகாதீங்க. யாராவது தலை சுத்துதுன்னு சொன்னா உடனே நிழலுக்குக் கொண்டு வந்து உக்கார வெச்சு தண்ணி கொடுங்க. பேச்சு குழறினா, எங்க இருக்கோம்னே தெரியாம உளறினா, மயங்கினா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு, அது வர்ற வரைக்கும் உடம்பைத் தண்ணியால நனைச்சு விசிறிட்டே இருக்கணும், நினைவு இல்லாதவங்களுக்கு வாய்ல தண்ணி ஊத்தக் கூடாது. இதை ஹெல்ப்பர்ஸ் எல்லாருக்கும் ஆரம்பத்துலயே சொல்லிடுங்க.

கையில காசே இல்லக்கா. ஆனா ஏதாவது பண்ணணும்னு ஆசை.

பயோபிளிட்ஸ் பண்ணுங்க. 24 மணி நேரத்துல ஒரு இடத்துல இருக்கிற மரம், செடி, பூச்சி, பறவை எல்லாத்தையும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பதிவு பண்றது. இந்தப் பேர்ல முதல்ல நடந்தது 1996ல வாஷிங்டன் டிசில ஒரு பூங்காவுல. உங்களுக்குத் தேவை ஃபோன், ஒரு டார்ச், ஒரு வெள்ளை வேட்டியோ பெட்ஷீட்டோ, அவ்வளவுதான். ராத்திரி அந்த வெள்ளைத் துணியைக் கட்டி பின்னாடி லைட் போட்டீங்கன்னா அரைமணி நேரத்துல அந்துப்பூச்சியா வந்து உக்காரும், தினமும் தாண்டிப் போற அதே புல்வெளில இவ்வளவு ஜீவன் இருந்துச்சான்னு ஆச்சரியமா இருக்கும். எடுத்த போட்டோவை ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற வெப்சைட்லயோ ஆப்லயோ போட்டா பேர் கண்டுபிடிக்க உலகம் முழுக்க ஆளுங்க உதவுவாங்க, அதுவே 2008ல அமெரிக்காவுல பெர்க்லி யூனிவர்சிட்டில மாணவர்கள் மாஸ்டர்ஸ் புராஜெக்டா ஆரம்பிச்சதுதான். லீவுல ஆள் நடமாட்டம் கம்மியா இருக்கிறதால பறவைங்களும் நல்லா வெளியில வரும். செக்யூரிட்டிகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, ராத்திரி டார்ச்சோட சுத்தினா அவங்க பயந்துடுவாங்க.

எங்க சீனியர் புரொபசர் ஒருத்தர்தான் ரிசோர்ஸ் பர்சன். ரொம்ப நல்லவர், ஆனா ரெண்டு மணி நேரம் ஸ்லைடு ஓட்டிட்டே போவார். எப்படிச் சொல்றது?

மரியாதையா, முன்னாடியே, நேர்ல போய் சொல்லுங்க. சார் சுருக்கமா பேசுங்கன்னு சொன்னா மனசு கஷ்டப்படும். அதுக்குப் பதிலா, சார், பசங்க போட்டுப் பார்க்கிற மாதிரி நீங்க நாலு கணக்கு கொடுத்தா நல்லா இருக்கும்னு கேளுங்க. இருபது நிமிஷம் அவர் பேச்சு, நாற்பது நிமிஷம் பசங்க போடுறது, அவர் டேபிள் டேபிளா நடந்து பார்க்கிறது, இப்படி அட்டவணையை எழுதிக் கையில கொடுங்க. நடக்க ஆரம்பிச்சுட்டார்னா பாருங்க, நாற்பது வருஷ அனுபவம் ஒவ்வொரு பையன் நோட்டுலயும் இறங்கும். எந்த ஸ்லைடுலயும் அது வராது.

ஸ்கூல் பசங்களைக் கூப்பிடலாமா?

தாராளமா. பெற்றோர் கையெழுத்து, போட்டோ எடுக்க தனியா அனுமதி, அலர்ஜி, மருந்து பத்தின தகவல், அவசரத்துக்கு ஒரு நம்பர் எல்லாம் முதல்லயே வாங்கிடுங்க. எந்த ரூம்லயும் குறைஞ்சது ரெண்டு பெரியவங்க. கூட்டிட்டுப் போக யார் வருவாங்கன்னு எழுதி வாங்கி, அவங்ககிட்ட மட்டும்தான் அனுப்பணும்.

சர்டிபிகேட் கொடுக்கணுமா?

கொடுங்க, எல்லா நாளும் வந்தவங்களுக்கு மட்டும். பேர்ல எழுத்துப்பிழை இல்லாம.

அக்கா, நான் ஃபர்ஸ்ட் இயர்தான். ஒரு வாரம் சம்மர் ஸ்கூலுக்கு செலக்ட் ஆகியிருக்கேன். அங்க வர்றவங்க எல்லாம் பெரிய ஆளா இருப்பாங்க, எனக்கு இங்கிலீஷும் சரளமா வராது. போகலாமா?

போங்கம்மா. தேர்ந்தெடுத்தவங்க உங்க ஃபார்மைப் படிச்சுட்டுத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க. 1957ல அர்னால்ட் ராஸ்னு ஒரு கணக்குப் புரொபசர் பள்ளி மாணவர்களுக்காகவே ஒரு கோடைப் பயிற்சி ஆரம்பிச்சார், இன்னும் நடக்குது. எளிய விஷயங்களை ஆழமா யோசிக்கணும்ங்கிறதுதான் அவங்க கொள்கை. அங்க எண்களைப் பத்திதான் ஆரம்பிக்கிறாங்க, எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச எண்கள்தான். அதனால உங்க கேள்வி ரொம்ப சின்னதா இருக்கேன்னு உள்ளயே வெச்சுக்காதீங்க.

முதல் நாள் முன் வரிசைல உக்காருங்க, பின்னாடி உக்காந்துட்டா வாரம் முழுக்க பின்னாடிதான். ஒரு நோட்டுல புரியாததை மட்டும் தனியா எழுதுங்க, டீ பிரேக்ல அதுல ஒண்ணை எடுத்துட்டுப் போய் யார்கிட்டயாவது கேளுங்க, தமிழ் தெரிஞ்சவங்க இருந்தா தமிழ்லயே கேளுங்க, இல்லைன்னா நோட்டைக் காட்டி இந்த இடம்னு விரலை வெச்சா போதும், மிச்சத்தை அவங்க புரிஞ்சுக்குவாங்க. சாப்பாட்டு நேரத்துல ஃபோனைப் பையில போட்டுடுங்க. ஏசி ஹால் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. போயிட்டு வந்து அந்த நோட்டுல எத்தனை கேள்விக்குப் பதில் கிடைச்சுதுன்னு எனக்கு எழுதுங்க, காத்திருக்கேன்.