குட்டைக் குதிரையை எங்கே தொட்டு அளப்பது? கேள்வி பதில்

மினியேச்சர் குதிரையின் உயரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலமுறை தப்பாக அளந்து பழகியவன் என்பதுதான் என் தகுதி.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா: 34 அங்குலம் என்று சொல்லித் தந்தார்கள். தையல் டேப்பால் அளந்தால் 36 வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்படாதீர்கள் அக்கா. டேப் உடம்பின் வளைவோடு ஒட்டிப் போனால் அளவு கூடத்தான் செய்யும். அடுத்தது, எங்கே தொட்டீர்கள்? மற்றக் குதிரைகளைத் தோளுக்கு மேலுள்ள மேட்டின் உச்சியில் அளப்பார்கள். 1978இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கமோ பிடரி மயிரின் கடைசி முடி முளைக்கும் இடத்தில் அளக்கச் சொல்கிறது. அங்கே 34 அங்குலம்தான் வரம்பு. அந்த இடம் பெரும்பாலும் மேட்டை விடச் சற்றுப் பதிந்திருக்கும். ஆகவே ஒரே குதிரைக்கு இரண்டு உயரம் வரலாம், இரண்டும் பொய்யில்லை.

தெஹிவளைத் தம்பி ஒருவர்: அளவுகோல் கிடைக்கவில்லை, என்ன செய்வது?

நேரான மரச்சட்டத்தில் அங்குலம் குறித்து, மேலும் கீழும் நகரும் குறுக்குக்கட்டை ஒன்றைச் செங்கோணமாகப் பொருத்துங்கள். அதன் மேல் மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டம். குமிழ் நடுவில் நின்றால்தான் கணக்கு. மயிரை மெல்ல அமர்த்துங்கள், சதையை அழுத்தாதீர்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணா: ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறதே?

எங்கே நிறுத்துகிறீர்கள் அண்ணா, கார் போர்ச்சிலா? மழைத்தண்ணீர் ஓட அதைச் சரிவாகத்தான் கட்டியிருப்பார்கள். என்னையும் அதுதான் கெடுத்தது. மட்டமான சீமெந்துத் தரை வேண்டும், புல் வேண்டாம். முன்கால்கள் நேர்க்குத்தாக நிற்கட்டும். கால்களை அகட்டினால் உயரம் குறையும், தலையின் நிலை மாறினாலும் அளவு மாறும். பயந்த குதிரையை அளக்கவே வேண்டாம், நடத்திக் கூட்டி வந்து மூன்று தடவை அளந்து பாருங்கள். குளம்பு வளர்ந்திருந்தால் முதலில் சீவுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: ஆவணத்தில் 8.2 கை என்று இருக்கிறது. அப்படியென்றால் 32.8 அங்குலமா?

இல்லை. ஒரு கை 4 அங்குலம். புள்ளிக்குப் பின் வருவது மீதி அங்குலம், தசமம் அல்ல. 8 கை 2 அங்குலம், அதாவது 34.

அதே நேயர்: நெடுந்தீவுக் குதிரைகளும் மினியேச்சரா?

இல்லை. அவை வெள்ளைக்காரர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து காட்டுத்தனமாகத் திரிபவை. சங்கதியே வேறு.

மட்டக்குளியிலிருந்து: என் குட்டிக்கு இரண்டு வயது. இப்போதே அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் இன்னும் வளரும். அதே அமெரிக்கச் சங்கம் 5 வயதான பிறகுதான் நிரந்தரப் பதிவு தருகிறது. அதுவரை திகதி போட்டுப் பென்சிலால் எழுதி வையுங்கள்.