மையில் தெரிந்த முகத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடுவார்களா?

(திருட்டு, காணாமல் போனோர் வழக்குகள் பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பலவும் மை, குறி, கோடாங்கி (உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர்) என்றே இருந்தன. ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

ஐயா, எங்கள் பீரோவில் இருந்த 5 பவுன் செயினைக் காணோம். பூட்டு உடையவில்லை. மாமியார் சாயல்குடிப் பக்கம் போய் மை போட்டுப் பார்த்தார். “வீட்டுக்குள் புழங்குகிற பொம்பளை, மாநிறம், பேரில் ‘ரா’ வரும், பொருள் தண்ணீர் ஓரமாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டார்கள். என் தங்கச்சி பேரில் ‘ரா’ வருகிறது. அவளை இனி வீட்டுப் படியேறக் கூடாது என்கிறார்கள். மையில் தெரிந்ததைப் போலீஸ் ஏற்றுக்கொள்ளுமா?
— பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

ஏற்காது அம்மா. ஏற்றால்தான் கோளாறு. பூட்டு உடையாமல் பீரோவுக்குள் இருந்த நகை போயிருக்கிறது, அதற்கு ‘வீட்டுக்குள் புழங்குகிற ஆள்’ என்று சொல்ல மை எதற்கு? ராமநாதசாமி குடியிருக்கிற தீவில் ‘ரா’ வராத குடும்பம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். தண்ணீர் ஓரமாம். தங்கச்சிமடத்தில் வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல்.

மை போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வெற்றிலையில் மையைத் தடவி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைத்து உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். பிள்ளை தானாக எதுவும் சொல்லாது. ‘யாராச்சும் வர்றாங்களா? ஆம்பளையா பொம்பளையா? சேலை கட்டியிருக்காங்களா?’ என்று பெரியவர் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொன்றாக வாங்குவார். பிள்ளை பொய் சொல்கிறது என்று சொல்லமாட்டேன், மங்கிய வெளிச்சத்தில் பளபளப்பான ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஏதாவது தெரியத்தான் செய்யும். இத்தாலியில் கபுட்டோ என்ற உளவியலாளர் 2010-ல் 50 பேரைக் குறைந்த வெளிச்சத்தில் கண்ணாடி முன் 10 நிமிடம் உட்கார வைத்துக் கேட்டார். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் தங்கள் முகம் கோணலாக மாறித் தெரிந்தது என்றார்கள், சிலருக்கு முன்பின் அறியாத ஆள் தெரிந்தார், இன்னும் சிலருக்குச் செத்துப்போன அப்பாவோ அம்மாவோ. அவர்களில் யாருக்கும் மந்திரம் தெரியாது.

அங்கே கேள்வி கேட்டவருக்கு விவரம் எங்கிருந்து வந்தது? உங்கள் மாமியாரிடமிருந்துதான். ‘யார்மேல் சந்தேகம்’ என்று கேட்காமலேயே, வீட்டுக்கு யார் யார் வருவார்கள், கடைசியாக யார் வந்தது என்ற பேச்சிலேயே குரல் எங்கே மாறுகிறது என்று பார்த்துவிடுவார்கள், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். மாமியார் மனசில் ஏற்கெனவே இருந்த பேர் வெற்றிலையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பீரோவைத் துடைக்காதீர்கள், கைரேகை போய்விடும். செயின் வாங்கிய பில், அதைப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ, எடை, இத்தனையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். அடகுக்கடையிலும் நகைக்கடன் கம்பெனியிலும் அடையாள அட்டை வாங்காமல் பணம் தரக்கூடாது என்பதால், திருட்டு நகை பெரும்பாலும் அந்தப் பதிவேட்டில்தான் மாட்டும். நாலு பேர் முன்னால் உங்கள் தங்கச்சியைத் திருடி என்று சொன்னால் அது அவதூறுக் குற்றம் என்பதையும் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

எங்கள் அப்பா காலத்தில் கரையில் கிடந்த வலை திருடு போனது. வெள்ளிக்கிழமை கோடாங்கி வருகிறார் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னதும் வியாழக்கிழமை ராத்திரியே வலை பழைய இடத்தில் கிடந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர், தொண்டி

உடுக்கையே அடிக்கவில்லையே அண்ணே! கோடாங்கி வருவதற்கு முன்னால் வலை வந்துவிட்டது, அப்படியானால் வேலை செய்தது கோடாங்கியின் பார்வையா, அவர் வருகிறார் என்ற பேச்சா? எடுத்தவனைச் சாமி கேட்கட்டும் என்று கோயிலில் காசு வெட்டிப் போடுவதும் இந்த வகைதான். எடுத்தவன் உள்ளூர்க்காரன், அவனுக்கும் பயபக்தி உண்டு, பொருளும் இன்னும் விற்கப்படாமல் கையில் இருக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் பலிக்கும். ஒன்று குறைந்தாலும் பலிக்காது. வெளி மாவட்டத்திலிருந்து பைக்கில் வந்து செயினை அறுத்துக்கொண்டு போகிறவனுக்கு உங்கள் ஊரில் எந்த வெள்ளிக்கிழமை யார் வந்தால் என்ன?

இதில் எனக்குப் பிடிக்காத பக்கம் வேறு. பயம் ஆள் பார்த்து வராது. படகில் கூலிக்குப் போகும் பையன் ஒருவன், ‘குறியில் நம் பேர் வந்துவிடுமோ’ என்று பயந்தே அத்தை வீட்டுக்கு ஓடினதும், ஓடினதே சாட்சி என்று ஊர் முடிவு கட்டினதும் நான் பார்த்த விஷயம். பொருள் பிறகு வேறொருவரிடம் அகப்பட்டது. அந்தப் பையனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அஸ்ஸலாமு அலைக்கும் சார். அமெரிக்கா, இங்கிலாந்து போலீஸே ஞானதிருஷ்டி உள்ளவர்களை வைத்துக் கொலைகாரர்களைப் பிடிக்கிறார்கள் என்று யூடியூபில் வருகிறதே, உண்மையா?
— ஒரு வாசகர், கீழக்கரை

வ அலைக்கும் ஸலாம் பாய். கேட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. பிடித்தார்கள் என்பதுதான் கதை.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1979-ல் ‘நான்தான் கொலைகாரன்’ என்று ஒரு ஒலிநாடா போலீஸுக்கு வந்தது. குரலில் வடகிழக்குக் கரை ஊரான சண்டர்லேண்ட் பக்கத்து வாடை அடித்தது, போலீஸ் அதை நம்பி அந்தப் பக்கமே தேடிக்கொண்டிருந்தது. ஆவிகளோடு பேசுகிறவர் என்று அப்போது பேர் வாங்கியிருந்த டோரிஸ் ஸ்டோக்ஸ் அம்மாவும் பத்திரிகையில் அடையாளம் சொன்னார்: ஆள் அந்த வடகிழக்குப் பக்கம், பேர் ஜானி அல்லது ரானி. அதாவது போலீஸ் எங்கே தப்பாகப் போனதோ அங்கேயே ஆவியும் போனது. சட்கிளிஃப் பிராட்ஃபோர்டுக்காரன், லாரி டிரைவர், போலீஸ் 9 தடவை விசாரித்து விட்டுவிட்ட ஆள். 1981 ஜனவரியில் காரில் பொய் நம்பர் பிளேட் மாட்டியிருந்ததால் ரோந்து போன இரண்டு போலீஸ்காரர்களிடம் மாட்டினான். நாடாவை அனுப்பியது ஒரு வெட்டிப்பயல் என்பது, உறையை ஒட்டிய எச்சிலில் இருந்த டி.என்.ஏ. மூலம் கால் நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது, 2006-ல் 8 வருஷம் தண்டனை. அவன் பேர் ஜான். ‘பார்த்தீர்களா, ஜானி என்று அந்தம்மா சரியாகத்தானே சொன்னார், ஆள்தான் மாறிப்போச்சு’ என்று இப்போதும் யாராவது சொல்லலாம். அப்படிச் சொல்ல முடிகிறதே, அதில்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. நடந்து முடிந்த பிறகு எதையும் எதோடும் பொருத்திவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் வேதனை. 1966 ஜனவரி 26 அன்று அடிலெய்ட் கடற்கரைக்குப் போன மூன்று குழந்தைகள், ஒரே வீட்டுப் பிள்ளைகள், திரும்பவே இல்லை. நெதர்லாந்திலிருந்து ஜெரார்ட் குருவாசே என்ற பிரபலமான ஞானதிருஷ்டிக்காரரை வரவழைத்தார்கள். ஒரு கிட்டங்கியின் சிமெண்டுத் தளத்துக்கு அடியில் இருக்கிறார்கள் என்றார். ஜனங்கள் 40,000 டாலர் வசூல் செய்து கொடுத்துத் தோண்ட வைத்தார்கள். ஒன்றும் இல்லை. மனசு ஆறாமல் 1996-லும் அதே இடத்தைத் தோண்டினார்கள். அப்போதும் இல்லை. பெற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்க உளவுத்துறையும் ராணுவமும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தூரத்தைப் பார்க்கும் ஆட்களை வைத்து 20 வருஷத்துக்கு மேல், சுமார் 2 கோடி டாலர் செலவில் முயன்றன. வேவு வேலை ஒன்றுக்குக்கூட உதவவில்லை என்று மதிப்பீட்டுக் குழு சொல்ல, 1995-ல் இழுத்து மூடினார்கள்.

என் தம்பி நாட்டுப்படகில் போய் ஆறு மாசம் ஆகிறது. படகு உடைந்து கரை ஒதுங்கியது, இவன் மட்டும் இல்லை. குறி சொல்கிறவர் ‘உயிரோடு இருக்கிறான், இலங்கையில் வெளியே தெரியாத ஜெயிலில் வைத்திருக்கிறார்கள், பரிகாரம் செய்தால் வருவான்’ என்கிறார். அம்மா தோட்டை விற்கப் போகிறார். என்ன செய்வது?
— பாம்பன்

தம்பி, அம்மாவைத் தோட்டை விற்க விடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

இலங்கைக் கடற்படை நம் ஆட்களைப் பிடித்தால் ஊர்க்காவற்துறை, மன்னார், கிளிநொச்சி என்று ஏதாவது ஒரு நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள், பேர்ப் பட்டியல் மீன்வளத்துறைக்கும் சங்கங்களுக்கும் வந்து சேரும், யாழ்ப்பாணத்தில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் தகவல் இருக்கும். கூட இருந்தவர்களுக்குத் தெரியாமல் ஒருவரை மட்டும் ஆறு மாசம் மறைத்து வைத்திருப்பதாக நம்ப எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் மீன்வளத்துறை வழியாகத் துணைத் தூதரகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். ‘இல்லை’ என்ற பதிலும் எழுத்தில் வந்தால்தான் அம்மா நம்புவார்.

கடலோரக் காவல் நிலையத்தில் காணவில்லை என்ற புகார் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அம்மாவின் ரத்த மாதிரியை டி.என்.ஏ. ஒப்பீட்டுக்கு எடுத்து வைக்கச் சொல்லி மனு கொடுங்கள், இந்தக் கரையிலோ நெடுந்தீவு, மன்னார்ப் பக்கமோ அடையாளம் தெரியாமல் ஒதுங்கிய உடல் இருந்தால் அதை வைத்துத்தான் சொல்ல முடியும். படகு எந்த நாளில் எங்கே ஒதுங்கியது, அப்போது காற்று கச்சானா வாடையா, நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி ஓடியது என்று உங்கள் ஊர்ப் பெரிய மீனவர்களைக் கேட்டு அதையும் மனுவில் எழுதுங்கள். எங்கே தேட வேண்டும் என்று சொல்ல அவர்களைவிடப் பெரிய குறிகாரர் கிடையாது. சட்டப்படி 7 வருஷம் தகவலே இல்லை என்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம், அதனால் பதிவுகள் ரொம்ப முக்கியம்.

‘இருக்கிறான்’ என்று சொல்கிறவர் பணம் கேட்கிறார். ‘இல்லை’ என்று அடித்துச் சொல்கிறவரும் உண்டு. அமெரிக்காவில் அமண்டா பெரி என்ற பெண் 2003-ல் காணாமல் போனாள். அடுத்த வருஷம் சில்வியா பிரவுன் என்ற பிரபல ஜோசியக்காரி டி.வி. நிகழ்ச்சியில் அவள் தாயைப் பார்த்து ‘உன் மகள் உயிரோடு இல்லை’ என்றார். தாய் 2006-ல் இறந்துபோனார். மகள் 2013 மே மாதம் அதே ஊரில் ஒரு வீட்டிலிருந்து உயிரோடு தப்பி வந்தாள். இரண்டு பக்கமும் யாரையும் அடித்துச் சொல்ல விடாதீர்கள்.

எனக்குச் சில சமயம் கனவில் வருவது நடக்கிறது. ஒரு கொலை பற்றி நிஜமாகவே கனவு கண்டால் போலீஸில் சொல்லலாமா?
— கல்லூரி மாணவி, தேவிபட்டினம்

சொல்லும்மா, ஆனால் அடுத்த கேள்விக்குத் தயாராகப் போ. ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்றுதான் எந்த அதிகாரியும் கேட்பார், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். 1980-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நர்ஸ் காணாமல் போனார். எட்டா ஸ்மித் என்ற பெண் தனக்கு மனக்காட்சியில் ஒரு மலைப்பள்ளம் தெரிந்ததாகப் போலீஸில் சொல்லிவிட்டு, தானே அங்கே போய் உடலைக் கண்டுபிடித்தார். போலீஸ் அவரையே பிடித்து நாலு நாள் உள்ளே வைத்தது. கொன்றவர்கள் வேறு ஆட்கள் என்று தெரிந்த பிறகு அவர் வழக்குப் போட்டு 26,000 டாலர் சொச்சம் நஷ்டஈடு வாங்கினார். இந்தத் துறையில் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வராத வழக்கு இது ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் காதில் விழுந்த பேச்சு அவருக்கே தெரியாமல் மனசில் தங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். உனக்கும் அப்படி ஏதாவது காதில் விழுந்திருந்தால் கனவை விட்டுவிட்டு அதை முதலில் சொல்லு, அதற்குத்தான் மதிப்பு.

கோர்ட்டில் குறி சாட்சியாகுமா? மோப்பநாய் மட்டும் ஆகிறதே?
— சட்ட மாணவர், ஆர்.எஸ்.மங்கலம்

நாயும் ஆகாது தம்பி, அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே. நாய் வழி காட்டும், அங்கே கிடைக்கிற பொருள்தான் சாட்சி. நேரில் பார்த்தவர், கேட்டவர்தான் அதைச் சொல்ல வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டம் 60-வது பிரிவில் இருந்தது, 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் உண்டு. உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனையையே சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் வெற்றிலைக்கு எங்கே இடம்?

உண்மையைச் சொல்லுங்கள் சார், போலீஸ்காரர்களே குறி கேட்கப் போவதில்லையா?
— டீக்கடை நண்பர்கள், ஏர்வாடி

போவார்கள். துப்பு இல்லாத கேஸ், மேலதிகாரி நெருக்குகிறார், பேப்பரில் தினமும் வருகிறது, அப்போது ஒரு ஏட்டு ‘ஐயா, எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார்’ என்பார். வேண்டாம் என்று சொல்லுகிற தைரியம் எல்லோருக்கும் வராது. மூடநம்பிக்கைக்கு எதிராகவே வாழ்ந்த நரேந்திர தாபோல்கர் 2013-ல் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார் அல்லவா, அந்த வழக்கிலேயே துப்புக்காகப் போலீஸ் ஆவியைக் கூப்பிட்டுக் கேட்டது என்று 2014-ல் ஒரு ஆங்கில வார இதழ் எழுதியது. சம்பந்தப்பட்ட அதிகாரி மறுத்தார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், 2024 மே மாதம் சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை, மற்ற மூவர் விடுதலை. நம் பக்கத்து ஸ்டேஷன்களில் குறி கேட்டுவிட்டு வந்தவர்களையும் எனக்குத் தெரியும், ஆனால் அதை வழக்கு நாட்குறிப்பில் ஒரு வரி எழுதினவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ‘ரகசிய விசாரணைக்குச் சென்றேன்’ என்றுதான் இருக்கும்.